மதகுக்காரன் கேட்ட கேள்வி

கோவில்பதாகை, ஆவடி
3 ஜூன் 2024

மதிப்பிற்குரிய டைரக்டர் ஷோபனா மேடத்துக்கு,

ஸ்டன்ட் பூபாலன் எழுதுவது. 'இரும்புச் சிறகு' படத்துக்கு மெயின் வில்லனாக என்னைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதே பூபாலன்தான். கதையைப் பற்றி போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வார்த்தை பேசக்கூடாது, வெளியே கசிந்துவிடும் என்று கம்பெனியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீங்களோ ஹைதராபாத்தில் செட் வேலையில் இருக்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதத்தைக் காஸ்ட்யூம் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நன்றி. பதினெட்டு வருஷமாக சினிமாவில் அடி வாங்குகிறேன். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன், தக்காளி வண்டிமேல் விழுந்திருக்கிறேன், ஓடும் லாரியிலிருந்து விழுந்திருக்கிறேன். இதுவரை நான் பேசியதிலேயே நீளமான வசனம் "டேய், புடிங்கடா அவன" என்பதுதான். உங்கள் ஸ்கிரிப்ட் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி சபீனா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள்.

நான்கு முறை படித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இந்தக் காலகண்டன் ஊரை ஏன் மூழ்கடிக்கிறான்?

பக்கம் 12-இல் சிரிக்கிறான். 31-இல் சிரிக்கிறான். 62-இல் 'பயங்கரமாக' என்று போட்டிருக்கிறீர்கள். 88-இல் ஏரியின் மதகைத் திறந்துவிட்டு மழையில் நின்று இரண்டு நிமிஷம் சிரிக்கிறான். கண்ணாடி முன்னால் நின்று எல்லாச் சிரிப்பையும் சிரித்துப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து சபீனா, "இன்னா ஜோக்கு? எனக்கும் சொல்லு, நானும் சிரிக்கிறேன்" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரணத்தை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பூபாலன்


ஹைதராபாத்
10 ஜூன் 2024

திரு. பூபாலன்,

கடிதம் கிடைத்தது.

இது சூப்பர் ஹீரோ படம். இரும்புச் சிறகோடு ஒருவன் பறந்து வந்து ஊரைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றுவதற்கு ஓர் ஆபத்து வேண்டும். காலகண்டன்தான் அந்த ஆபத்து. புயலைப் பார்த்து நீ ஏன் அடிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காக ஒரு ஃபிளாஷ்பேக் சேர்த்திருக்கிறேன். சிறு வயதில் காலகண்டனின் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துபோகிறார். அன்றிலிருந்து அவனுக்கு ஊரின்மீது வெறுப்பு. இரண்டு பக்கம் இணைத்துள்ளேன்.

ஜூலை கடைசியில் சென்னையில் உங்கள் காட்சிகள் தொடங்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோபனா


கோவில்பதாகை
17 ஜூன் 2024

மேடத்துக்கு வணக்கம்.

இரண்டு பக்கத்தையும் படித்தேன். கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் துடைத்துக்கொண்டு பார்த்தால் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

என் அம்மாவும் ஆஸ்பத்திரி வாசலில்தான் போனார். கையில் டோக்கன் இருந்தது. நான்காம் நாள் அம்பத்தூரில் ஒரு ஷூட்டிங்குக்காக இரண்டாவது மாடியிலிருந்து குதித்தேன். துக்கம் வந்தால் மனுஷன் அழுவான், குடிப்பான், பிறகு வேலைக்குப் போவான். அம்மா செத்துப்போன அத்தனை பேரும் மதகைத் திறக்கக் கிளம்பினால் தமிழ்நாட்டில் ஒரு ஏரி மிஞ்சாது.

அம்மா செத்தது அவன் ஏன் அழுகிறான் என்பதைச் சொல்கிறது. அவன் ஏன் ஏரிக்குப் போகிறான் என்பதைச் சொல்லவில்லை. அவனுக்கு என்னவோ வேண்டும் மேடம். அது என்ன? ஊர் மூழ்கிய மறுநாள் காலையில் அவன் எங்கே போய் டீ குடிப்பான்? டீக்கடையும் ஊரில்தானே இருக்கிறது?

கோபப்படாதீர்கள். தெரியாமல் நடித்தால் என் முகத்தில் பொய் தெரிந்துவிடும்.

பூபாலன்


ஹைதராபாத்
22 ஜூன் 2024

திரு. பூபாலன்,

கோபப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கோபம் வரும்படியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஆறு வருஷம் அலைந்திருக்கிறேன். பதினோரு தயாரிப்பாளர்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா பறக்கிற கத? நல்ல குடும்பக் கத இருந்தா சொல்லு" என்பார்கள். ஞானசேகரன் சார் ஒருவர்தான் படம் எடுக்க ஒப்புக்கொண்டார். அதுவும் ஹீரோ ஸ்ரீநாத் பறப்பதைப் பார்க்கத்தான். நீங்கள் டீ குடிப்பதைப் பார்க்க இல்லை.

உங்களை எடுத்தது உங்கள் உயரத்துக்காகவும் விழுகிற லாவகத்துக்காகவும்தான். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தபோது எந்த டைரக்டரிடமாவது ஏன் என்று கேட்டீர்களா? பெண் டைரக்டர் என்றால் மட்டும் கேள்வி வருகிறதா?

அவ்வளவு தெரிந்தவர் நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதன் எப்போது ஊரை மூழ்கடிப்பான்?

ஷோபனா


கோவில்பதாகை
1 ஜூலை 2024

மேடத்துக்கு,

நான் யாரையும் கேட்டதில்லை. நீங்கள் சொன்னது உண்மைதான். கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அத்தனை வருஷத்தில் என் கையில் முழு ஸ்கிரிப்டைக் கொடுத்த முதல் டைரக்டர் நீங்கள். படித்ததால் கேள்வி வந்தது. வேறு காரணம் இல்லை.

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பீரோவில் வைத்திருந்தேன். சபீனாதான், "கோவத்துல கேட்டாங்களோ எப்டி கேட்டாங்களோ, கேட்டுட்டாங்க இல்ல? உள்ள வெச்சிகினு சாவாத, சொல்லிடு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

2015-இல் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தின்போது நாங்கள் ஐயப்பன்தாங்கலில் ஒரு பள்ளமான தெருவில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் மங்களம் அக்கா. ஜாக்கெட் தைப்பவர். காலையில் தண்ணீர் வாசற்படியில் இருந்தது. மத்தியானம் ஜன்னலுக்கு வந்தது. சாயந்திரம் அக்காவின் தையல் மெஷின் தெரியவில்லை. தெருவில் பதினோரு பேர் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினோம். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் கீழே ஃபிரிட்ஜில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறை முங்கிப் போனேன். கதவு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது. சினிமாவில் எத்தனையோ கதவை உடைத்திருக்கிறேன். அந்த ஒரு கதவை என்னால் உடைக்க முடியவில்லை.

மூன்று நாள் கூப்பிட்டோம். போனில் சார்ஜ் இருந்தவரை தெரிந்த எல்லா நம்பருக்கும் அடித்தோம். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனது. சேலையை ஆட்டினோம், தட்டைத் தட்டினோம். அது கொஞ்சம் தள்ளி ஓர் உயரமான பிளாட் பக்கம் போய் நின்றது. அவர்களும் அங்கே யாரையோ காப்பாற்றிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. உயிர் போனதே எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

இதற்கு மேல் சபீனாவுக்கும் தெரியாது. அப்போது எனக்கு அழுகை வரவில்லை மேடம். அந்த உயரமான பிளாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் என் கையில் ஒரு மதகின் சக்கரம் இருந்திருந்தால் திருகித் திறந்திருப்பேன். தண்ணீர் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியட்டும் என்று திறந்திருப்பேன். எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று பார்த்திருக்கமாட்டேன். சிரித்திருக்கவும் மாட்டேன். நியாயம் செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் ஒரு மீனவர் படகோடு வந்தார். எங்களைப் பார்த்தார், போர்வைக்குள் இருந்த அக்காவைப் பார்த்தார். "லேட்டாயிடுச்சி அண்ணாத்தே. தப்புதான். மன்னிச்சிக்கோ" என்றார். அவர்மேல் என்ன தப்பு இருக்கிறது? எங்கிருந்தோ ராத்திரி பகலாகப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர். ஆனால் அந்த வார்த்தையை எங்களிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன். அழுத பிறகு அந்த பிளாட்டை வெறுப்பில்லாமல் என்னால் பார்க்க முடிந்தது.

நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். காலகண்டனை மாற்றச் சொல்லவில்லை.

பூபாலன்


ஹைதராபாத்
9 ஜூலை 2024

அன்புள்ள பூபாலன் அண்ணே,

'விழுகிற லாவகம்' என்று எழுதினேனே, அந்த வரியை நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அந்த வெள்ளத்தின்போது எங்கள் பிளாக்கில் கரண்ட் மட்டும்தான் போனது. நான் பால்கனியில் நின்று மழையை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அந்த வீடியோ இன்னும் போனில் இருந்தது. நேற்று பார்த்தேன். பின்னணியில் நான் சிரிப்பது கேட்கிறது.

ஐந்து நாளில் படத்தின் பின்பாதியை மறுபடி எழுதிவிட்டேன். காலகண்டன் இல்லை. கொம்பு வைத்த கவசம் இல்லை, மந்திர இயந்திரம் இல்லை. ராஜாமணி இருக்கிறான். ஏரியில் மதகுக் காவல் வேலை பார்க்கிறவன். காக்கிச் சட்டை. முந்தைய வெள்ளத்தில் ஒரு மாடியில் மூன்று நாள் நின்றவன். கீழ் வீட்டு அம்மா அவன் மடியிலேயே இறந்துபோகிறார். 88-ஆம் பக்கம் இனி இப்படி: அவன் மதகைத் திறந்துகொண்டிருக்கிறான். ஹீரோ வானத்திலிருந்து இறங்குகிறான். ராஜாமணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறான்.

"எட்டு மைலுக்கு அப்பால ஒரு கொழந்த அழுதாகூட உனக்குக் கேக்குமாமே. நாங்க மூணு நாள் கத்தினோம். நீ எந்தத் தெரு மேல பறந்துகினு இருந்த?"

ஹீரோ சிறகை மடக்குகிறான். "வரல. தப்புதான்" என்கிறான். அந்த மீனவரின் வார்த்தையை உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். அனுமதி உண்டா?

ஞானசேகரன் சாரிடமும் ஸ்ரீநாத் சாரிடமும் இன்னும் காட்டவில்லை.

அன்புடன்,
ஷோபனா


கோவில்பதாகை
13 ஜூலை 2024

அன்புள்ள மேடம்,

அனுமதி எதற்கு? அவர் வார்த்தை ஊருக்கெல்லாம் போகட்டும்.

சபீனாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் போய்த் துணியை மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தப் பொம்பளைக்கு மங்களம்னே பேர் வெக்கச் சொல்லு" என்றாள். அது ஒன்றுதான் நாங்கள் கேட்பது.

பூபாலன்


சென்னை
21 ஜூலை 2024

அண்ணே,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் காட்சி இல்லை.

ஞானசேகரன் சார் படித்தார். "ஹீரோவ குத்தவாளிக் கூண்டுல ஏத்திட்ட. அப்புறம் டிக்கெட் வாங்கினவன் யாருக்கும்மா விசிலடிப்பான்?" என்றார். ஸ்ரீநாத் சாரின் மேனேஜரும் அதையே சொன்னார். பழைய 88-ஆம் பக்கத்தையே எடுக்கவேண்டும், இல்லையென்றால் வேறு டைரக்டர் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். ஒத்துக்கொண்டேன். ஆறு வருஷம் அலைந்தவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

29-ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கார் வரும். சிரிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஷோபனா


கோவில்பதாகை
23 ஜூலை 2024

மேடத்துக்கு,

அளவு பார்க்கக் கம்பெனியில் கொடுத்திருந்த கறுப்பு அங்கியையும் கொம்புக் கவசத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அங்கியைச் சபீனா துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறாள். காரை அனுப்பவேண்டாம்.

நீங்கள் ராஜாமணியை எழுதாமலே இருந்திருந்தால் நான் வந்து சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எழுதிவிட்டீர்கள். அவனை எனக்குத் தெரிந்துவிட்டது. இனி கொம்பு வைத்துக்கொண்டு மழையில் நின்று சிரித்தால், மங்களம் அக்கா போனதைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

உங்கள்மேல் வருத்தம் இல்லை. திங்கட்கிழமை வேறு ஒரு படம். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசைமேல் விழவேண்டும்.

பூபாலன்


சென்னை
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பூபாலன் அண்ணே,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் கொம்புக் கவசம் மூன்று நாள் என் மேசைமேல் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். நான்காம் நாள், 'படத்திலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக ஸ்ரீநாத் சார் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் தடுத்தார். "அஞ்சு நிமிஷம். அப்புறம் நானே போயிடுவேன்" என்றேன்.

ஸ்ரீநாத் சார் அந்தக் காட்சியைப் படித்திருக்கவே இல்லை அண்ணே! மேனேஜர் வாயால் கேட்டதோடு சரி. பக்கத்தை நீட்டினேன். "சார், நீங்க ராஜாமணியோட வசனத்தப் படிங்க. ஹீரோவுக்கு நான் படிக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். 'மூணு நாள் கத்தினோம்' என்ற இடத்தில் குரல் இறங்கியது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே என் வரியைப் படிக்கவில்லை.

"சொல்லும்மா. இதுக்கு நான் இன்னா பதில் சொல்றேன்?"

"பதில் இல்ல சார். தப்புதான்னு சொல்றீங்க. அப்புறம் அவரோட சேர்ந்து மதக மூடறீங்க."

அந்தத் தாளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு சொன்னார்: "பறக்கிறது, பஸ்ஸத் தூக்கறது எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணிக்குவாங்க. இந்தப் படத்துல நான் நடிக்கவேண்டியதுன்னு இருக்கிறதே இந்த ஒரு எடம்தான். அதப் போய் எடுத்துட்டீங்களே!"

அங்கேயே ஞானசேகரன் சாருக்கு போன் போட்டார். "அந்த சீன் இருந்தாத்தான் சார் நான் வருவேன். அந்த ஆளும் வரணும்" என்றார். அந்த ஆள் நீங்கள்தான்.

ஞானசேகரன் சார் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். படம் படுத்தால் எனக்கு இனி அவர் கம்பெனியில் படம் இல்லை. சரி சார் என்றேன். சொல்லும்போது பயமே இல்லை. உங்களிடம் 'காட்சி இல்லை' என்று எழுதியபோது இருந்த பயத்தில் பாதிகூட இல்லை.

இத்துடன் காக்கிச் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். தோள் அளவு சரியா என்று பாருங்கள். செப்டம்பர் 6, காலை ஆறு மணி, ஏரிக்கரை. காரை அனுப்பட்டுமா?

ஷோபனா


கோவில்பதாகை
4 ஆகஸ்ட் 2024

மேடம்,

அனுப்புங்கள். தோள் கொஞ்சம் இறுக்கம். சபீனா பிரித்துத் தைத்துவிட்டாள்.

பூபாலன்


சென்னை
11 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணே,

நாளை மறுநாள் காலை படம் வெளியாகிறது. தியேட்டருக்கு நான் வரப்போவதில்லை.

எடிட்டிங்கில் அந்தக் காட்சியை நூறு முறை பார்த்துவிட்டேன். அன்று ஏரிக்கரையில் நீங்கள் பேசி முடித்ததும் 'கட்' சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்ரீநாத் சார் அவராகவே முட்டி போட்டுச் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். முட்டி போடுவது ஸ்கிரிப்டில் இல்லை. படத்தில் அப்படியே இருக்கிறது.

ஆனால் அங்கே நின்ற நாற்பது பேர் அழுதது வேறு, காசு கொடுத்து விசிலடிக்க வருகிறவர்கள் வேறு. ஞானசேகரன் சார் சொன்னது சரியாகிவிட்டால் அதை நேரில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். போனில் சொல்லாதீர்கள். உங்கள் குரலிலேயே தெரிந்துவிடும். எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் உங்கள் எழுத்தில் படித்தால் தாங்கிக்கொள்வேன்.

ஷோபனா


குமணன்சாவடி
13 ஜனவரி 2025, மத்தியானம்

அன்புள்ள ஷோபனா மேடம்,

தியேட்டர் வாசலில் ஒரு பைக் சீட்டின்மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் சந்தோஷம்.

ஒன்பது மணிக் காட்சி. நானும் சபீனாவும் கடைசி வரிசை. ஸ்ரீநாத் சார் பறந்தபோது ஒரே விசில். பஸ்ஸைத் தூக்கியபோது காகிதம் பறந்தது. பிறகு மதகுக் காட்சி வந்தது. நான் கேள்வி கேட்டேன். தியேட்டரில் சத்தமே இல்லை. விசில் இல்லை, பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை. போச்சு, மேடத்தின் அடுத்த படம் போச்சு என்று சபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது முன்வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்றார். திரையில் நிற்கிற ஸ்ரீநாத் சாரைப் பார்த்து, "இன்னா நைனா முழிக்கிற? கேக்குறாரு இல்ல, பதில் சொல்லு!" என்றார். ஹீரோவைப் பார்த்து மேடம்! பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் தியேட்டரே "பதில் சொல்லு! பதில் சொல்லு!" என்று கத்தியது.

ஸ்ரீநாத் சார் சிறகை மடக்கினார். "வரல. தப்புதான்" என்றார்.

விழுந்த கைதட்டலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் பறந்ததற்கும் பஸ்ஸைத் தூக்கியதற்கும் சேர்த்து விழுந்ததைவிட அதிகம். நாங்கள் இரண்டு பேரும் சக்கரத்தைத் திருகி மதகை மூடும்போது ஜனங்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூட்டாகக் கத்தினார்கள். மதகு மூடி முடிந்ததும் சீட்டுமேல் ஏறி நின்றார்கள். பக்கத்தில் பார்த்தால் சபீனாவும் சீட்டுமேல் நிற்கிறாள். விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அடையாளம் கண்டுவிட்டார்கள். மேளக்காரர்கள் ஸ்ரீநாத் சார் பேனரை விட்டுவிட்டு என்னைச் சுற்றி அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். பேர் ராஜகுமாரி, ஒரு கேன்டீனில் சமையல் வேலை என்றார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க மாடிக்கும் யாரும் வரல சார். நீ தொறந்தப்போ, நல்லா தொறடான்னுதான் மனசு சொல்லிச்சி. நீ மூடினப்பதான் சார் எனக்கு அழுகயே வந்துச்சி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள எம் பொண்ணுங்க ரெண்டு பேர் கீறாங்க, கூட்டினு வரேன், போயிடாத" என்று ஓடினார். மூன்று பேரோடும் படம் எடுத்துக்கொண்டேன்.

தியேட்டர் மேனேஜர் ஞானசேகரன் சாருக்கு போன் போட்டு, பொங்கல் முழுக்க எல்லாக் காட்சியும் இதையே போடப்போவதாகச் சொன்னதை என் காதால் கேட்டேன். அதனால் நீங்கள் அடுத்த கதையை எழுத உட்காரலாம்.

பன்னிரண்டரைக் காட்சியையும் பார்த்துவிடலாம் என்று நானும் சபீனாவும் கவுன்டருக்குப் போனோம். டிக்கெட் இல்லை. "நான்தாங்க அதுல வில்லன்" என்றேன். "தெரியும் சார், ஆனா சீட் இல்லையே" என்றார் உள்ளே இருந்தவர். கடைசியில் மேனேஜரே வந்து நடுவழியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். இதோ மணி அடித்துவிட்டது. சபீனா இடம் பிடிக்க உள்ளே ஓடிவிட்டாள். நானும் போகிறேன்.

பூபாலன்